கல்லறைத் திருநாளுக்கு ஆயத்தமாவது எப்படி?

நவம்பர் 2ஆம் தேதி மாலை எந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். கையில் செவ்வந்தி மாலையும் மெழுகுவர்த்திப் பாக்கெட்டுமாக ஒரு குடும்பம் புதருக்குள் அப்பாவைத் தேடிக்கொண்டிருக்கும். "வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம்தானே?" "இல்ல, அது பெரியப்பா கல்லறை." அதற்குள் இருட்டிவிடும், மழையும் வந்துவிடும். கடைசியில் யாருடையதென்று தெரியாத ஒரு சிலுவையடியில் அவசரமாக மெழுகுவர்த்தியை நட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். அன்பு நிறைய இருந்தும் ஆயத்தம் இல்லாததால் வருகிற நிலை இது.

இந்த அத்தியாயத்தில் சொல்லும் வேலைகள் செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் 8 வரை நடக்க வேண்டியவை. வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் பெயர், பிறகு கோயில், அதற்குப் பிறகுதான் கல்லறை. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. கடன் வாங்கிக் கிரானைட் பதிக்கிறார்கள், அந்தக் கல்லுக்கு அடியில் இருப்பவரின் தாயார் பெயர் என்ன என்று கேட்டால் விழிக்கிறார்கள். 387ஆம் ஆண்டு ஓஸ்தியா துறைமுகத்தில் சாகக் கிடந்த புனித மோனிக்கா, தன் உடலை எங்கே புதைத்தாலும் சரி, அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஆண்டவரின் பீடத்தில் தன்னை நினைத்தால் போதும் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். அவர் மகன் அகுஸ்தீனார் தம் வாழ்க்கைக் கதையில் இதை எழுதி வைத்திருக்கிறார். நம் வரிசையும் அந்தத் தாய் காட்டியதுதான்.

தொடங்கும் முன்: உங்கள் சபை என்ன சொல்கிறது?

கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்காக வேண்டுகிறார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆன்மாக்களுக்கு நம் செபமும் பூசையும் உதவும் என்பது அவர்களுடைய விசுவாசம். போரில் விழுந்த தன் வீரர்களின் பாவத்துக்குப் பரிகாரமாக யூதா மக்கபே 2,000 வெள்ளித் திராக்மா திரட்டி எருசலேமுக்கு அனுப்பியதை மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்தில் படிக்கலாம். சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் அந்த நூல் இல்லை. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையார் பொதுவாக இறந்தவரின் ஆத்துமாவுக்காக வேண்டுவதில்லை. அவர் வாழ்ந்த வாழ்வுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பலர் இந்த நாளையே அனுசரிப்பதில்லை.

க்ளூனி மடத்தின் அதிபராக இருந்த ஓடிலோ 998 வாக்கில் தம் மடங்களில் தொடங்கிய நினைவுநாள்தான் இந்த நவம்பர் 2. 1915இல் திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட், அன்று ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்க அனுமதித்தார். அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது.

அம்மா ஆர்.சி., அப்பா சி.எஸ்.ஐ. என்று இருக்கிற வீடுகள் இன்று ஏராளம். கல்லறையின் முன் நின்று உத்தரிக்கிற ஸ்தலத்தைப்பற்றி வாதாடாதீர்கள். சங்கீதம் 23, யோவான் 11, 1 தெசலோனிக்கேயர் 4 ஆகியவை இருவருக்கும் சொந்தம். அவற்றை வாசித்து, பெயரைச் சொல்லி, பரமண்டல செபத்தைச் சேர்ந்து சொல்ல யாருக்கும் தடையில்லை. "அழாதே, விசுவாசி அழக்கூடாது" என்று சொல்லும் உறவினர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். லாசரை எழுப்பப்போவது தெரிந்திருந்தும் அவன் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார் என்பதை அவருக்கு மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

முதல் வேலை: பெயர் நோட்டு (செப்டம்பர் கடைசி வாரம்)

கெட்டி அட்டை போட்ட கோடிட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். செல்போனில் எழுதி வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். போன் மாறும்போது பெயர்களும் போய்விடும்.

1. இறந்தவர் ஒருவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஞானஸ்நானப் பெயர், பள்ளிக்கூடப் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர் மூன்றையும் எழுதுங்கள். கோயில் பதிவேட்டில் "அந்தோணியம்மாள்" என்றிருப்பவரை ஊர் முழுக்க "ராசாத்தி" என்றே அறிந்திருக்கும். இரண்டும் ஒரே பக்கத்தில் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை இரண்டு பேர் என்று நினைத்துவிடும்.

2. பெற்றோர் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், அடக்கம் செய்த கல்லறைத் தோட்டம், கல்லறை எண் அல்லது அடையாளம் ஆகியவற்றை எழுதுங்கள்.

3. வீட்டின் மூத்தவரிடம் உட்காருங்கள். "தாத்தாவைப்பற்றிச் சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் "நல்ல மனுசன்" என்பதோடு முடிந்துவிடும். சின்னச் சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். கோபம் வந்தால் தாத்தா என்ன செய்வார்? சாப்பாட்டில் எதை ஒதுக்கி வைப்பார்? எந்த ஞானப்பாட்டைப் பாடிக்கொண்டே வேலை செய்வார்? கடைசியாக என்ன பேசினார்? வரும் பதில்களைப் பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். அனுமதி கேட்டுப் போனில் பதிவும் செய்துகொள்ளுங்கள். பாட்டி தாத்தாவைப்பற்றிப் பேசும் குரல், பாட்டியும் போனபிறகு உங்களுக்கு வேண்டியிருக்கும்.

4. தேதி தெரியாவிட்டால் அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள்: "சுனாமிக்கு மறுவருசம், தவசுகாலத்துல." பிறகு பங்குக் கோயிலில் அடக்கப் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். இத்தனை ஆண்டு வாக்கில் என்று சொல்ல முடிந்தால் உபதேசியாரோ கோயில் அலுவலரோ தேடித் தருவார். திருநாள் வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

5. பழைய படங்களின் பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா படத்தின் முன்பக்கம் வரை தடம் பதிக்கும். மெழுகில்லாத பழைய தாள்களில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம்.

வழக்கமாக விட்டுப்போகும் பெயர்கள்

பிறந்த அன்றே இறந்த குழந்தைகள், வயிற்றிலேயே போன குழந்தைகள், திருமணமாகாமல் இறந்த அத்தை, ஊரை விட்டுப் போய் எங்கோ இறந்த சித்தப்பா ஆகியோர்தான் பட்டியலில் விடுபடுவார்கள். அவர்களுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள். பெயரிடாமலே போன குழந்தைக்கு இப்போதுகூட நீங்கள் பெயர் வைக்கலாம். அந்தக் குழந்தையின் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் அவள் மனதுக்குள் ஒரு பெயரை முன்பே வைத்திருப்பாள்.

தற்கொலை செய்துகொண்டவரின் பெயரை மறைக்காதீர்கள். ஒருகாலத்தில் அவர்களுக்குக் கோயில் அடக்கம் மறுக்கப்பட்டது உண்மை. இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூல் அவர்களுடைய மீட்பைப்பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்று கூறுகிறது. திருச்சபை அவர்களுக்காக வேண்டுகிறது என்றும் சொல்கிறது. பூசைக் கருத்தாக அவர் பெயரைக் கொடுக்கலாம். ஆண்டுக்கணக்கில் அந்தப் பெயர் உச்சரிக்கப்படாத வீட்டில், ஒருவர் தொடங்கினால்தான் மற்றவர்களும் பேசுவார்கள்.

கிறிஸ்தவர் அல்லாத பாட்டியை, மாமனாரை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். உயிரோடிருப்பவர், இறந்தவர் எவருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 901.

இரண்டாம் வேலை: கோயிலில் சொல்லி வைத்தல் (அக்டோபர் முதல் வாரம்)

1. பூசைக் கருத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். நவம்பர் 2ஆம் தேதிக்கு எல்லாரும் கேட்பார்கள். அன்று பொதுக் கருத்தில் பெயர் சேரும். தனிக் கருத்து வேண்டுமானால் இறந்த நாளையோ நவம்பரில் வேறொரு வார நாளையோ கேளுங்கள். கத்தோலிக்க வழக்கத்தில் நவம்பர் மாதம் முழுதுமே ஆன்மாக்களின் மாதம்தான்.

2. பெயரைத் தெளிவாக, உச்சரிக்கும் விதத்தில் எழுதுங்கள். இனிஷியல் மட்டும் போட்டு "எஸ்.எம். குடும்பத்தார்" என்று கொடுக்காதீர்கள்.

3. காணிக்கை கொடுக்க வசதியில்லையென்றால் தயங்காமல் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். எளியவர்களின் கருத்துக்காக, காணிக்கை பெறாமலும் பூசை வைக்கும்படி திருச்சபைச் சட்டம் 945 குருக்களை வலியுறுத்துகிறது. பணமில்லை என்பதற்காகப் பெயர் கொடுக்காமல் போகிற விதவைகள் இருக்கிறார்கள். உங்கள் அன்பியத்தில் அப்படி ஒருவர் இருந்தால் இந்தச் செய்தியை அவரிடம் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.

4. கல்லறை மந்திரிப்பு எத்தனை மணிக்கு, தனித்தனிக் கல்லறையாகவா, பொதுவாகவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ. சேகரங்களில் கல்லறைத் தோட்ட ஆராதனை காலையிலா மாலையிலா என்பது ஊருக்கு ஊர் மாறும்.

கத்தோலிக்கர்களுக்கு ஒரு குறிப்பு: நவம்பர் 1 முதல் 8 வரை ஒவ்வொரு நாளும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தவர்களுக்காக, மனதுக்குள்ளாவது, செபித்தால் ஓர் ஆன்மாவுக்காகப் பரிபூரண பலன் பெறலாம். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காக ஒரு செபம், பாவப் பற்றை விட்ட மனம் ஆகியவை வேண்டும். ஒருமுறை செய்த பாவசங்கீர்த்தனம் இந்த நாள்களுக்குப் போதும். நற்கருணையும் செபமும் ஒவ்வொரு நாளும் தேவை. ஒரே நாளில் எல்லாருக்குமாக அல்ல, ஒரு நாளைக்கு ஒருவருக்கு என்பதால் நோட்டிலிருந்து எட்டுப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வேலை: கல்லறையைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்தல் (அக்டோபர் நடுவில்)

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவிலிருந்து எந்த நாளும் தொடங்கலாம். நவம்பர் 1ஆம் தேதி அடித்த சுண்ணாம்பு 2ஆம் தேதி மழையில் பால்போல் ஓடும். முதல் மழை விட்ட ஓர் உலர்ந்த காலைப்பொழுதைத் தேர்ந்தெடுங்கள். எட்டு மணிக்குப் போய்ப் பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கல்லறை காணவில்லை என்றால்

பல பங்குக் கல்லறைத் தோட்டங்களில் இடம் போதாமல் பழைய குழியைத் திறந்து வேறொருவரை வைப்பது உண்டு. உங்கள் அம்மாவின் இடத்தில் வேறு பெயர்ச் சிலுவை நிற்பதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். அங்கே நிற்கும் குடும்பத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள்; அவர்களுக்கும் அன்று துக்க நாள்தான். பதிவேட்டைப் பார்த்து, உடல் எச்சங்கள் அதே குழியில் இருக்கின்றனவா, பொதுக் கிணற்றுக்கோ எலும்புக்குழிக்கோ மாற்றப்பட்டனவா என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் தோட்டத்தின் நடுவில் நிற்கும் பெரிய சிலுவையடியில் உங்கள் மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள். அந்தச் சிலுவை பெயர் தெரியாத எல்லாருக்கும் பொது.

பாதுகாப்பு: இதைப் படிக்காமல் அரிவாளை எடுக்காதீர்கள்

1. காலை முழுக்க மூடும் பூட்ஸ், முழுக்கால் சட்டை, கையுறை கட்டாயம். ரப்பர் செருப்போடு புதருக்குள் இறங்காதீர்கள்.

2. நீளமான கம்பால் புல்லைத் தட்டி, சத்தம் எழுப்பியபடி முன்னே போங்கள். பிளந்த கல்லறைக்குள், புரண்டு கிடக்கும் பலகைக்கல்லுக்கு அடியில் கையை விடாதீர்கள். நாகமும் விரியனும் மழைக்காலத்தில் ஒதுங்கும் இடங்கள் அவை.

3. பாம்பு கடித்தால்: கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றி, கை காலை அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பச்சிலை வைத்தியரிடம் போகும் அரை மணி நேரம் உயிரை எடுத்துவிடும்.

4. புதர் வேலை முடிந்ததும் குளித்து, உடுத்தியதைத் துவைத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் கடும் காய்ச்சலும், உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டதுபோன்ற கறுப்புப் பொருக்கும் வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். புதருக்குள் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

5. காய்ந்த புல்லைத் தீ வைத்து எரிக்காதீர்கள். பக்கத்துக் கல்லறையின் மரச்சிலுவை போய்விடும். கிரானைட் சூட்டில் வெடிக்கும்.

6. சாய்ந்து நிற்கும் கல் சிலுவையைத் தனியாளாக நிமிர்த்த முயலாதீர்கள். குழந்தைகளை அதன் பக்கமே விடாதீர்கள்.

கல்லைக் கழுவுதல்

கல்லறை எதனால் ஆனது என்று பார்த்த பிறகே துடையுங்கள். மார்பிளுக்குத் தண்ணீர், மென்மையான நார் பிரஷ், தேவைப்பட்டால் சில சொட்டு மிதமான சோப்புக் கரைசல் மட்டும் போதும். கழிவறை கழுவும் ஆசிட் பட்டால் மார்பிள் நுரைத்துக் கரையும், எழுத்து மழுங்கும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். கிரானைட் இன்னும் தாங்கும் என்றாலும் ஆசிட் அதன் பளபளப்பைக் கெடுக்கும். கம்பி பிரஷ்ஷை எந்தக் கல்லிலும் பயன்படுத்தாதீர்கள். பாசி காய்ந்திருந்தால் நனைத்து ஊறவிட்டு மரச் சீவலால் சுரண்டுங்கள்.

நூறாண்டு தாண்டிய சுண்ணாம்புக்காரைக் கல்லறைகளுக்கு மேல் சிமென்ட் பூசுவது பெரிய தவறு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் காரையும் செங்கலும் உதிரத் தொடங்கும். பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். கிடைக்கும்வரை வெறுமனே சுத்தமாக வைத்திருந்தாலே போதும். பூசுவதற்கு முன் பழைய எழுத்துகளைச் சாய்ந்த வெயிலில் படமெடுத்து நோட்டில் சேருங்கள். வெள்ளைக்கு அடியில் போன எழுத்து திரும்பி வராது.

வெள்ளையடித்தல்

1. சுட்ட சுண்ணாம்பை முந்தின நாளே நீற்றுங்கள். இரும்பு அல்லது மண் பாத்திரத்தில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் வாளி உருகிவிடும்.

2. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவி உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

3. ஆறியதைத் துணியில் வடிகட்டி, சிட்டிகை நீலம் சேருங்கள். கல்லறையை நனைத்துவிட்டு மெல்லியதாக இரண்டு பூச்சு அடியுங்கள். ஒரே கனத்த பூச்சு செதில் செதிலாக உரியும்.

4. எழுத்துகளுக்குக் கறுப்பு எனாமலை மெல்லிய பிரஷ்ஷால் நிரப்புங்கள். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்", "இறைவனில் இளைப்பாறுகிறார்" போன்ற பழைய வாசகம் இருந்தால் அதை அப்படியே விடுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் விடுங்கள். வைத்தவர் கை அது.

பக்கத்தில் யாரும் வராத கல்லறை ஒன்று கட்டாயம் இருக்கும். மீந்த சுண்ணாம்பு அதற்குத்தான். தமிழகத்தின் சில ஊர்களில் சாதி பார்த்துப் பிரித்த கல்லறைத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்களைச் சாவுக்குப் பின் பிரித்து வைப்பது பாவம். உங்கள் ஊர் அப்படிப்பட்டதென்றால், அன்று அந்தப் பக்கமும் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வாருங்கள். பங்குப் பேரவையில் அதைப்பற்றிப் பேசவும் செய்யுங்கள்.

நான்காம் வேலை: அந்த மாலை

1. பூவை முந்தின நாளே வாங்கிவிடுங்கள். அன்று விலை ஏறும். கம்பியில் கட்டாத, பிளாஸ்டிக் சுற்றாத மாலையாகக் கேளுங்கள். பிளாஸ்டிக் பூ மழையில் நிறம் போய், மெழுகுவர்த்தி பட்டால் உருகி எரியும்.

2. மெழுகுவர்த்தியை நேரடியாகக் கல்லில் ஒட்டாதீர்கள். மணல் நிரப்பிய மண்சட்டியோ தகரத் தட்டோ கொண்டுபோங்கள். காற்றுக்குக் கண்ணாடிக் கூண்டு நல்லது. பிளாஸ்டிக் டம்ளரை வெட்டிக் கவிழ்ப்பது ஆபத்து.

3. நைலான் புடவை முந்தானை, துப்பட்டா, குழந்தைகளின் கவுன் ஆகியவற்றில் தீப்பிடிக்கும் விபத்துகள் குனிந்து பற்றவைக்கும்போதுதான் நேரும். பருத்தி உடுத்துங்கள், முந்தானையைச் செருகுங்கள். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். துணியில் பற்றினால் ஓடவிடாமல் தரையில் உருளச் செய்து கனத்த துணியால் அமுக்குங்கள்.

4. கம்பத்திலிருந்து ஒயர் இழுத்துச் சீரியல் பல்பு போடாதீர்கள். ஈரத் தரையில் ஒட்டுப்போட்ட ஒயர் உயிரை வாங்கும்.

5. வயதானவர்களுக்கு மடக்கு நாற்காலி, குடை, தண்ணீர், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் வரும் முன் மூன்று மணிக்கே அவர்களை அழைத்துப் போய்விடலாம்.

6. கல்லறை முன் நின்று நோட்டைத் திறந்து பெயர்களை வாசியுங்கள். வீட்டில் உள்ள சிறுவனோ சிறுமியோ வாசிக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் பின் சற்று நிறுத்துங்கள். பிறகு சங்கீதம், குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு பாட்டு, பரமண்டல செபம். பத்து நிமிடம் போதும்.

7. கிளம்பும்போது சுடரை அணைத்துவிடுங்கள். எரிகிற தீயை விட்டுப் போவதில் பக்தி எதுவும் கூடிவிடாது.

சாப்பாடு வைக்கலாமா?

இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துக் கல்லறையிலோ படத்தின் முன்போ வைக்கும் வழக்கம் சில கிறிஸ்தவக் குடும்பங்களில் உண்டு. இது நமக்கு மட்டும் வந்த கேள்வி அல்ல. மேலே சொன்ன மோனிக்காவே ஆப்பிரிக்க வழக்கப்படி மறைசாட்சிகளின் கல்லறைகளுக்கு அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுபோனவர். மிலான் நகரில் ஆயர் அம்புரோசு அதைத் தடுத்திருந்தார் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். அந்த உணவை ஏழைகளுக்குக் கொடுத்தார். அம்மாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைத் தாராளமாகச் சமையுங்கள். குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர் பங்கைப் பசித்திருக்கும் ஒருவருக்குக் கொடுங்கள். கல்லறையில் வைத்தால் நாயும் காக்கையும் இழுத்துப் போட்டுப் பக்கத்துக் கல்லறைகளையும் அசுத்தமாக்கும்.

"அப்பாவோட ஆவிய வரவழைச்சுப் பேச வைக்கிறேன்" என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இறந்தவர்களிடம் குறி கேட்பதை உபாகமம் 18ஆம் அதிகாரம் தடுக்கிறது. துக்கத்தில் இருப்பவரின் பணத்தைக் குறிவைத்து வருகிறவர்கள் அவர்கள்.

கல்லறையே இல்லாதவர்களுக்கு

2004 டிசம்பர் 26 சுனாமியிலும் 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலிலும் போனவர்களில் பலரின் உடல் கிடைக்கவே இல்லை. கன்னியாகுமரிக் கடற்கரைக் குடும்பங்கள் இந்தப் பாரத்தை இன்னும் சுமக்கின்றன. உடலைப் பார்க்காத மனைவி, "வந்துவிடுவார்" என்று காத்திருப்பதைக் குறை சொல்லாதீர்கள். அவளாகத் தயாராகும்வரை "நினைவுப் பூசை" என்று வற்புறுத்த வேண்டாம். "அவருக்காகப் பூசை" என்று மட்டும் எழுதிக் கொடுக்கலாம். உயிரோடிருப்பவருக்கும் அது பொருந்தும்.

அவள் தயாரானபிறகு ஓர் இடம் தேவைப்படும். குடும்பக் கல்லறையின் பலகையில் அவர் பெயரையும், கடலில் மறைந்த நாளையும் பொறியுங்கள். குடும்பக் கல்லறை இல்லையென்றால் பங்குத்தந்தையிடம் கேட்டுக் கோயில் வளாகத்தில் ஒரு பெயர்ப்பலகை வைக்கலாம். கடலில் பூ விடப் போனால் கரையிலிருந்தே விடுங்கள். நவம்பர் அலையில், துக்கத்தில் தளர்ந்தவர்களைப் படகில் ஏற்றுவது சரியல்ல.

உடலை எரித்தவர்களுக்கு: கத்தோலிக்கத் திருச்சபை 1963இலிருந்து எரிப்பதை அனுமதிக்கிறது. ஆனால் சாம்பலைக் காற்றிலோ கடலிலோ தூவுவதையும், பிள்ளைகளுக்குள் பங்கு பிரிப்பதையும் வத்திக்கான் 2016இல் வெளியிட்ட ஆவணம் ஏற்கவில்லை. கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது. வீட்டு அலமாரியில் சாம்பல் கலசம் இருந்தால் இந்தத் திருநாளை ஒட்டி அடக்கம் செய்யப் பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.

குழந்தைகளும், முதல் ஆண்டுத் துக்கமும்

சின்னக் குழந்தையிடம் "தாத்தா தூங்குறார்" என்று சொல்லாதீர்கள். அன்று இரவிலிருந்து அது தூங்கப் பயப்படும். "தாத்தா இறந்துட்டார். அவர் உடம்பு இனி வேலை செய்யாது, வலிக்கவும் செய்யாது. அவரைக் கடவுள்கிட்ட ஒப்படைச்சிருக்கோம்" என்று நேராகச் சொல்லுங்கள். மறுபடி மறுபடி கேட்டால் மறுபடி மறுபடி சொல்லுங்கள். கல்லறைக்கு வர மறுத்தால் இழுத்துப் போக வேண்டாம். வீட்டில் ஒரு படம் வரைந்து கொடுக்கட்டும்.

ஆண்டு திரும்பாத வீட்டுக்கு, திருநாளன்று ஒருவர் சாப்பாடு கொண்டுபோவது பெரிய உதவி. அங்கே போய் ஆறுதல் வசனம் அடுக்காதீர்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி, உங்களுக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் ஊண் உறக்கம் இல்லாமல், "நானும் போயிடுறேன்" என்று பேசுபவரைத் தனியே விடாதீர்கள். செபத்தோடு மருத்துவரும் வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ஐந்தாம் வேலை: நவம்பர் 3 முதல்

1. மறுநாள் காலை இரண்டு பேராகப் போய் மெழுகு, நார், பிளாஸ்டிக் உறைகளைச் சாக்கில் அள்ளுங்கள். கல்லில் ஒட்டிய மெழுகைக் கத்தியால் சுரண்டாமல் மரச் சீவலால் பெயர்த்து, வெந்நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவருக்குத் தேநீரும் உரிய கூலியும் கொடுங்கள். ஆண்டு முழுக்க உங்கள் பெற்றோருக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர்.

2. எட்டு நாள் பட்டியலில் மீதியிருக்கும் பெயர்களோடு கல்லறைத் தோட்டத்துக்குத் தொடர்ந்து போங்கள்.

3. அடுத்த ஆண்டின் நாள்காட்டி வந்ததும் நோட்டைப் பார்த்து ஒவ்வொருவர் இறந்த நாளையும் அதில் குறியுங்கள். அதற்குப் பத்து நாள் முன்பு "பூசைக்குச் சொல்ல வேண்டும்" என்று இன்னொரு குறிப்பும் போடுங்கள்.

4. நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உடன்பிறந்தவர்களுக்கு அனுப்புங்கள். அவர்களுக்கு மட்டும் தெரிந்த கதைகளை எழுதி அனுப்பச் சொல்லி, வந்ததும் அதே பக்கத்தில் சேருங்கள். நகல் ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். மழைத் தண்ணீர் உங்கள் அலமாரிக்குள்ளும் வரலாம்.